கணையமும் கொரோனாவும்: உடன் வந்ததா, உண்டாக்கியதா?

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், மேல்வயிற்றில் குறுக்காகப் படுத்துக் கிடக்கும் கணையம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளமும் சுமார் நூறு கிராம் எடையும் கொண்ட சிறிய உறுப்பே. எனினும் உடல் அதன் மீது சுமத்தியிருக்கும் வேலை அதன் அளவுக்குச் சற்றும் பொருந்தாதது. அதன் தலைப்பகுதி முன்சிறுகுடலின் வளைவுக்குள் பொருந்தி இருக்கிறது. வால்பகுதி இடப்புறம் மண்ணீரலைத் தொடும் அளவுக்கு நீள்கிறது. 1869-இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ், கணையத் திசுவுக்குள் ஆங்காங்கே தனித்தனித் தீவுகளைப் போலத் தெரிந்த உயிரணுத் திட்டுகளை விவரித்தார். இன்சுலினைச் சுரப்பவை அவைதாம் என்பது பிற்காலத்தில் தெரியவந்ததால், கணையம் என்றவுடன் நீரிழிவு நோயே பலரது நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தத் திட்டுகள் உறுப்பின் மிகச் சிறு பங்கு மட்டுமே. எஞ்சிய பெரும்பகுதி, திராட்சைக் கொத்தைப் போல அடுக்கப்பட்ட சுரப்பணுக்களால் ஆனது. நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை செரிமான நீரைச் சுரந்து, நுண்குழாய்கள் வழியே குடலுக்கு அனுப்புவதே அவற்றின் வேலை.

மாவுப்பொருளை உடைக்கும் அமைலேஸ், கொழுப்பை உடைக்கும் லைபேஸ், புரதத்தை உடைக்கும் டிரிப்சின் ஆகிய நொதிகள் இந்த நீரில் அடங்கியுள்ளன. புரதத்தை உடைக்கும் பொருளைத் தயாரிக்கும் உயிரணுவும் புரதத்தால் ஆனதே என்பதால், கணையம் டிரிப்சினை நேரடியாகத் தயாரிப்பதில்லை. டிரிப்சினோஜென் என்னும் செயலற்ற முன்வடிவத்தில், உறையிலிட்ட கத்தியைப் போல அதைக் குடலுக்கு அனுப்பிவைக்கிறது. குடலின் உட்சுவரில் உள்ள என்டரோகைனேஸ் என்ற நொதி அந்த உறையைக் கழற்றிய பிறகே டிரிப்சின் வேலை செய்யத் தொடங்குகிறது. தொடங்கியதும் மற்ற நொதிகளின் உறைகளையும் அதுவே கழற்றிவிடுகிறது. கணையத்துக்குள்ளேயே ஓரிரு டிரிப்சின் மூலக்கூறுகள் தப்பித்தவறி விழித்துக்கொண்டால் அவற்றைப் பிடித்துக் கட்டிவைக்க, ஸ்பிங்க்-1 எனப்படும் தடுப்புப் புரதம் ஒன்றும் கூடவே சுரக்கிறது.

இந்த ஏற்பாடு குலைந்து, குடலில் விழிக்க வேண்டிய நொதிகள் சுரப்பணுவுக்குள்ளேயே விழித்துக்கொள்வதுதான் கணைய அழற்சி. கணையம் தன்னைத்தானே செரித்துக்கொள்கிறது என்ற கருத்தை 1896-இல் பிராக் நகர நோயியலாளர் ஹான்ஸ் கியாரி முன்வைத்தார். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1996-இல், தலைமுறை தலைமுறையாகக் கணைய அழற்சி வரும் குடும்பங்களில் டிரிப்சினோஜெனுக்கான மரபணுவே மாறியிருப்பது கண்டறியப்பட்டபோது அந்தக் கருத்துக்கு வலுவான சான்று கிடைத்தது. லைபேஸ் வெளியே கசிந்ததும் கணையத்தைச் சுற்றியுள்ள கொழுப்பைக் கொழுப்பு அமிலங்களாக உடைக்கிறது. அந்த அமிலங்கள் இரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, சோப்புத் தயாரிப்பில் நிகழும் அதே வேதிவினையின்படி, வயிற்றுக் கொழுப்பின் மேல் மெழுகுவத்தி சொட்டியது போன்ற வெண்மையான சுண்ணப் புள்ளிகளாகப் படிகின்றன. தீவிர நோயாளிக்கு இரத்தக் கால்சியம் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் வலி, படுத்தால் கூடி, முன்புறம் குனிந்து உட்கார்ந்தால் சற்றே தணிவதற்கு, முதுகெலும்பை ஒட்டிய கணையத்தின் இருப்பிடமே காரணம். நோயாளிகளில் பெரும்பாலோர் ஒரு வாரத்துக்குள் தேறிவிடுகிறார்கள். எஞ்சியவர்களில் சிலருக்கோ அழற்சி உடல் முழுவதும் பரவி, நுரையீரலும் சிறுநீரகமும் செயலிழக்கும் நிலை ஏற்படுகிறது.

இந்நோயின் காரணங்களில் முதலிடம் பித்தப்பைக் கற்களுக்கு, அடுத்தது மது. பித்தக் கல்லின் பங்கு உறுதியான வரலாறு இங்கு நினைவுகூரத்தக்கது. 1901-இல் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இறந்த ஒரு நோயாளியின் உடலைக் கூறாய்வு செய்த யூஜின் ஓப்பி, பித்தக் குழாயும் கணையக் குழாயும் கூடிக் குடலில் திறக்கும் வாயிலில் ஒரு சிறு கல் சிக்கியிருந்ததைக் கண்டார். அடைப்பு இருந்த இடம், அதன் பின்னால் சேதமடைந்திருந்த கணையம், இரண்டையும் இணைக்கும் வழி ஆகிய மூன்றும் ஒரே உடலில் கண்ணெதிரே இருந்தன. ஒரு நோய்க்கு இதுதான் காரணம் என்று சொல்லத் தேவைப்படும் சான்று எத்தகையது என்பதற்கு அந்தக் கூறாய்வு இன்றும் நல்ல எடுத்துக்காட்டு. இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பு டெசிலிட்டருக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டுவது, கால்சியம் மிகுவது, சில மருந்துகள், வயிற்றில் படும் அடி ஆகியவையும் காரணங்களின் பட்டியலில் உண்டு. வைரஸ்களும் அதில் நெடுங்காலமாகவே இடம்பெற்றுள்ளன. பொன்னுக்கு வீங்கி வைரஸ் உமிழ்நீர்ச் சுரப்பியோடு கணையத்தையும் தாக்கக்கூடும். காக்சாக்கி-பி வகை வைரஸ் எலிகளின் கணையச் சுரப்பணுக்களுக்குள் பெருகி அவற்றை அழிப்பதைச் சோதனைக்கூடத்தில் திரும்பத் திரும்பக் காட்ட முடிந்திருக்கிறது. எனவே 2020-இன் தொடக்க மாதங்களில் கொரோனா நோயாளிகள் சிலருக்குக் கடும் வயிற்றுவலி வந்தபோது, மருத்துவர்கள் புதிய வைரஸைச் சந்தேகித்தது இயல்பானதே.

சந்தேகத்துக்கு உயிரியல் அடிப்படையும் இருந்தது. வைரஸ் ஒன்று உயிரணுவுக்குள் நுழைய வேண்டுமானால் அந்த உயிரணுவின் மேற்பரப்பில் தனக்குப் பொருந்தும் ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். அப்புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். 2003-இல் பரவிய சார்ஸ் கொரோனா வைரஸ் ஏ.சி.இ.2 என்ற புரதத்தை ஏற்பியாகப் பயன்படுத்தியது அவ்வாண்டே கண்டறியப்பட்டது. கோவிட்-19-ஐ உண்டாக்கும் வைரஸும் அதே கதவைத்தான் தட்டுகிறது. தன் மேலுள்ள ஸ்பைக் புரதத்தால் ஏ.சி.இ.2-ஐப் பற்றிக்கொண்டு, டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 என்னும் மற்றொரு நொதியின் துணையோடு உள்ளே நுழைகிறது. சார்ஸ் நோயால் இறந்தவர்களின் உறுப்புகளை ஆராய்ந்து 2004-இல் சீன நோயியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், வைரஸ் காணப்பட்ட உறுப்புகளின் வரிசையில் கணையமும் இருந்தது. 2020-இல் கணையத்திலும் ஏ.சி.இ.2 உண்டு என்ற செய்தி வெளிவந்ததும், வைரஸ் நேரே கணையத்தில் புகுந்து அதை அழற்சியுறச் செய்கிறது என்ற விளக்கம் விரைவாகப் பரவியது.

ஆனால் ஒரு புரதம் ஓர் உறுப்பில் உண்டு என்பதும், அந்த உறுப்பின் எந்த உயிரணுவில் உண்டு என்பதும் வெவ்வேறு கேள்விகள். வீட்டுக்குக் கதவு உண்டு என்று அறிவது போதாது. அது கூடத்துக்குத் திறக்கிறதா, கொல்லைக்குத் திறக்கிறதா என்பதும் தெரிய வேண்டும். 2020-இன் இறுதியில் அமெரிக்காவின் இரண்டு ஆய்வுக் குழுக்கள் உறுப்புக் கொடையாளர்களின் கணையத்தைத் தனித்தனியே ஆராய்ந்து, ஏ.சி.இ.2 பெரும்பாலும் நுண் இரத்தக் குழாய்களை ஒட்டிய உயிரணுக்களிலும் கணையக் குழாய்களின் உட்சுவரிலுமே காணப்படுகிறது, இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களில் அது குறிப்பிடத்தக்க அளவில் இல்லை என்று அறிவித்தன. அதே காலத்தில் இத்தாலியக் குழு ஒன்று, இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களிலேயே அதைக் கண்டதாகக் கூறியது. 2021-இல் ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள், சோதனைக்கூடத்தில் வளர்த்த மனிதக் கணையத் திட்டுகளில் வைரஸ் புகுந்து பெருகுவதைக் காட்டினர். கோவிட்டால் இறந்தவர்களின் கணையத்தில், இன்சுலின் சுரக்கும் பகுதி, செரிமான நீர் சுரக்கும் பகுதி ஆகிய இரண்டிலுமே வைரஸின் தடயம் இருந்ததையும் பதிவு செய்தனர். இந்த முடிவுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, வைரஸ் கணையத்தை எட்டக்கூடும் என்பது ஏற்கத்தக்கதாகவே இருக்கிறது. எனினும் எட்டிய இடமெல்லாம் அழற்சி உண்டாவதில்லை; உயிரணுவுக்குள் டிரிப்சினின் உறையை வைரஸ் எப்படிக் கழற்றுகிறது என்ற சங்கிலியின் நடுக்கண்ணியை இந்த ஆய்வுகள் எதுவும் காட்டவில்லை.

நேரடித் தாக்குதல் இல்லாமலே கணையம் புண்படுவதற்குப் பல வழிகள் உண்டு. கடும் கோவிட் நோயில் நுண் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைகிறது. இரத்த அழுத்தம் சரிகிறது. இரத்த ஓட்டக் குறைவைத் தாங்கும் சக்தி கணையத்துக்கு மிகவும் குறைவு. ஏ.சி.இ.2-இன் இயல்பான வேலை, இரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின்-2 என்ற பொருளை உடைப்பது. வைரஸ் அதைப் பற்றிக்கொண்டு முடக்கும்போது சுருக்கம் மேலும் கூடலாம். இவற்றைவிடக் கவனமாகப் பிரித்தறிய வேண்டியவை, சிகிச்சைக்காகவே கொடுக்கப்படும் மருந்துகள். வென்டிலேட்டரில் உள்ளவரை மயக்கநிலையில் வைக்கப் பயன்படும் ப்ரோபோஃபால், சோயா எண்ணெய்க் குழம்பில் கரைத்துத் தரப்படும் பால்போன்ற வெள்ளை மருந்து. நாள்கணக்கில் ஏற்றும்போது இரத்தத்தின் ட்ரைகிளிசரைடு உயர்கிறது. தொற்றின் முதல் மாதங்களில் கொடுத்துப் பார்க்கப்பட்ட லோபினாவிர்-ரிட்டோனாவிர் கூட்டு மருந்தும், அழற்சியைத் தணிக்கத் தரப்பட்ட டோசிலிசுமாபும் அதே விளைவை உண்டாக்கக்கூடியவை. இவற்றையெல்லாம் ஏற்றிக்கொண்டு பத்தாம் நாள் படுக்கையில் கிடக்கும் ஒருவருக்குக் கணையம் வீங்கினால், பழியை எதன் மீது போடுவது என்பது எளிதில் தீரும் வழக்கு அன்று.

நோயைக் கணிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2012-இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாட்டின்படி, கணைய அழற்சி என்று உறுதிசெய்ய மூன்று அடையாளங்களில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்: அந்நோய்க்கே உரிய வயிற்றுவலி, இயல்பின் உச்ச அளவைப்போல மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்த லைபேஸ் அல்லது அமைலேஸ், ஸ்கேனில் தெரியும் மாற்றம். 2020-இல் வூஹானிலிருந்து வந்த ஓர் ஆய்வு, கோவிட் நிமோனியா கொண்ட 52 நோயாளிகளில் 17 விழுக்காட்டினருக்குக் கணையப் பாதிப்பு இருந்ததாகக் கூறியபோது, உலகம் முழுவதும் அந்த எண் எடுத்தாளப்பட்டது. ஆனால் அந்த ஆய்வில் பாதிப்பு என்று கொள்ளப்பட்டது, அமைலேஸோ லைபேஸோ இயல்பைவிட எவ்வளவு கூடியிருந்தாலும் சரி என்ற தளர்வான அளவுகோல். அமைலேஸ் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்தும் வருகிறது. குடல் அழற்சியிலும் சிறுநீரகம் தளரும்போதும் இரு நொதிகளுமே இரத்தத்தில் தேங்கக்கூடும். கோவிட் குடலையும் சிறுநீரகத்தையும் விட்டுவைக்காத நோய். எனவே கணையத்தைக் குற்றவாளியாக்க அவசரப்பட வேண்டாம் என்று ஸ்பெயினின் என்ரிக்கே தெ-மதாரியாவும் அவரது சகாக்களும் உடனே எழுதினர். அந்த எச்சரிக்கை தக்க நேரத்தில் வந்தது. அமெரிக்க மருத்துவமனைகள் சிலவற்றில் 71 நோயாளிகளைப் பார்த்த மற்றோர் ஆய்வில், லைபேஸ் உயர்ந்தவர்கள் 9 பேர், மூன்று மடங்கைத் தாண்டியவர்கள் 2 பேர். அவர்களில் ஒருவருக்குக்கூடக் கணைய அழற்சி ஏற்படவில்லை.

இதற்கு நேரெதிரான பிழைக்கும் இடமுண்டு. வலியைச் சொல்ல நோயாளிக்கு உணர்வு இருக்க வேண்டும். வாயில் குழாய் செருகப்பட்டு, மயக்க மருந்தின் பிடியில் கிடப்பவர் முதுகுக்குப் பரவும் வலியை எப்படிச் சொல்வார்? மூன்று அடையாளங்களில் முதலாவது அவரிடம் இல்லாமலே போய்விடுகிறது. தொற்று உச்சத்தில் இருந்தபோது ஸ்கேனுக்கு நோயாளியை நகர்த்துவதே பெரும்பாடாக இருந்ததால், மூன்றாவது அடையாளமும் பலருக்குப் பார்க்கப்படவில்லை. மிகைக் கணிப்பும் குறைக் கணிப்பும் ஒரே வார்டில் அருகருகே நடந்திருக்கக்கூடும்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே, அட்லாண்டா அளவுகோலைக் கறாராகப் பின்பற்றிய பெரிய ஆய்வு ஒன்று நியூயார்க்கின் நார்த்வெல் மருத்துவமனைக் குழுமத்திலிருந்து 2020-இல் வெளிவந்தது. அனுமதிக்கப்பட்ட 48,012 பேரில் 11,883 பேருக்குக் கொரோனா உறுதியானது. மொத்தத்தில் 189 பேருக்குக் கணைய அழற்சி, அவர்களில் 32 பேருக்குத் தொற்றும் சேர்ந்திருந்தது. அதாவது தொற்று உள்ளவர்களில் கணைய அழற்சி 0.27 விழுக்காடு. எஞ்சிய 157 பேரைத் தொற்று இல்லாத 36,129 பேரோடு வைத்துக் கணக்கிட்டால் விழுக்காடு 0.43 என்று வருகிறது; தொற்று இல்லாதவர்களிடமே நோய் அதிகம் இருந்ததாகத் தோற்றம். வைரஸ் கணையத்தைக் காக்கிறது என்று இதற்குப் பொருள் அன்று. மூச்சுத்திணறலோடு வந்தவர்களின் பெருங்கூட்டம் ஒரு தட்டிலும், வயிற்றுவலி உள்ளிட்ட பல காரணங்களுக்காக வந்தவர்கள் மறுதட்டிலும் இருக்கும்போது, இரு விழுக்காடுகளையும் நேருக்கு நேர் நிறுத்த முடியாது என்பதே பொருள். ஆனாலும் கோடிக்கணக்கானோரைத் தொற்றிய ஒரு வைரஸ் கணையத்தை அடிக்கடி தாக்குவதாக இருந்தால், இந்த எண்கள் இவ்வளவு சிறியனவாக இருந்திருக்காது.

அதே ஆய்வின் வேறொரு பகுதிதான் வைரஸின் மீதான சந்தேகத்தை உயிரோடு வைத்திருக்கிறது. கணைய அழற்சிக்குக் காரணம் எதுவும் கண்டுபிடிக்கப்படாதவர்கள், தொற்று இல்லாதோரில் 21 விழுக்காடு. தொற்று உள்ளோரிலோ 69 விழுக்காடு. கல்லும் இல்லை, மதுவும் இல்லை, வைரஸ் மட்டும் இருக்கிறது என்றால் அதைச் சுட்டிக்காட்டத் தோன்றுவது இயற்கை. டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு குறிப்பில், கோவிட்டால் பாதிக்கப்பட்ட ஒரே குடும்பத்து மூவரில் இருவருக்குக் கடும் கணைய அழற்சி வந்தது பதிவாகியிருந்தது. அதுவும் இந்தச் சந்தேகத்துக்கு வலுவூட்டியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். நூறு பனைகளில் காக்கைகள் உட்கார்ந்திருக்கும் நாளில், விழும் பழங்களில் பல ஏதோ ஒரு காக்கையின் அடியில்தான் விழும். மருத்துவமனைக்குள் நுழைந்த ஒவ்வொருவருக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை செய்யப்பட்ட அந்த மாதங்களில், கால் முறிந்து வந்தவர்களுக்கும் தொற்று உறுதியானது. அதற்காகக் கொரோனா எலும்பை முறிக்கிறது என்று யாரும் எழுதவில்லை. கணையத்தின் நிலை எலும்பினுடையது அன்று என்பதற்கு ஏ.சி.இ.2-உம் உல்ம் ஆய்வும் காரணங்கள் தருகின்றன. அவை தருவது சாத்தியம் மட்டுமே.

காரணம் எது என்ற கேள்வி தீராமல் நின்றாலும், இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்குத் தெளிவான விடை கிடைத்திருக்கிறது. பல நாடுகளின் மருத்துவமனைகள் இணைந்து நடத்திய கோவிட்-பான் ஆய்வு, 2020-இன் மார்ச் முதல் ஜூலை வரை கணைய அழற்சியோடு வந்த 1,777 பேரைத் தொடர்ந்து கவனித்தது. அவர்களில் 149 பேருக்குத் தொற்றும் இருந்தது. முப்பது நாட்களுக்குள் இறந்தோர், தொற்று இல்லாதவர்களில் 2.6 விழுக்காடு, தொற்று உள்ளவர்களில் 14.7 விழுக்காடு. தொற்று உள்ளவர்கள் சற்று வயது முதிர்ந்தவர்கள் என்பது இந்த இடைவெளியின் ஒரு பகுதியை விளக்கலாம். ஆனால் கடும் கணைய அழற்சி நுரையீரலைத் தாக்கும் விதமும் கோவிட் தாக்கும் விதமும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதை மறக்க முடியாது: இரண்டிலும் அழற்சிப் பொருள்கள் இரத்தத்தில் பெருகி, நுரையீரலின் காற்றுப்பைகளில் நீர் கோத்து, ஆக்சிஜன் இறங்குகிறது. ஏற்கெனவே ஒரு வெள்ளத்தில் நிற்பவரை இன்னொரு வெள்ளம் அடிப்பதைப் போன்ற நிலை அது.

சிகிச்சையில் இந்த மோதல் கண்கூடாகத் தெரிந்தது. கணைய அழற்சியில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறுவதால், முதல் நாளிலேயே சலைன் அல்லது ரிங்கர் லாக்டேட் திரவத்தைத் தாராளமாக ஏற்ற வேண்டும் என்பது நெடுங்காலப் பாடமாக இருந்தது. கோவிட் நிமோனியாவிலோ திரவத்தைச் சிக்கனமாகக் கொடுத்து நுரையீரலை வறட்சியாக வைத்திருப்பதே நெறி. ஒரே நோயாளியின் ஒரே கைநரம்பில் எந்தப் பாடத்தைக் கடைப்பிடிப்பது? இதற்கு ஒரு பகுதி விடை கோவிட்டுக்கு வெளியிலிருந்து வந்தது. அவசரப்பட வேண்டாம் என்று முன்பு எழுதிய அதே தெ-மதாரியாவின் தலைமையில் ஸ்பெயின், இத்தாலி, மெக்சிகோ, இந்தியா ஆகிய நாடுகளில் நடந்த வாட்டர்ஃபால் ஆய்வின் முடிவு 2022-இல் வெளியானது. அதில் கணைய அழற்சி கொண்ட 249 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு எடைக் கிலோவுக்கு மணிக்கு 3 மில்லிலிட்டர் வீதம் தாராளமாகவும், மறுபிரிவுக்கு அதில் பாதி அளவில் மிதமாகவும் திரவம் ஏற்றப்பட்டது. தாராளமாகப் பெற்றவர்களில் 20.5 விழுக்காட்டினருக்கு உடலில் நீர் மிகுந்தது. மிதமாகப் பெற்றவர்களில் 6.3 விழுக்காட்டினருக்கே அப்படி ஆனது. தாராளத்தால் நோய் குறைந்ததாகவும் தெரியவில்லை என்பதால் ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. தொற்று இல்லாத நுரையீரலே தாங்காத திரவத்தைத் தொற்றுள்ள நுரையீரல் தாங்கும் என்று எண்ண இடமில்லை.

காரணத்தைத் தேடுவதில் காட்டும் கறார் வெறும் ஏட்டுப் பிடிவாதம் அன்று. நோயாளியின் அடுத்த மாதம் அதில்தான் அடங்கியிருக்கிறது. நோயாளியின் குறிப்பேட்டில் வைரஸால் வந்த கணைய அழற்சி என்று எழுதிவிட்டால் தேடல் அங்கேயே நின்றுவிடுகிறது, ஏனெனில் வைரஸ் தானே போய்விடும். ஆனால் சாதாரண வயிற்று அல்ட்ராசவுண்டில் தப்பும் மணல் போன்ற பித்தப்பைக் கற்கள் உண்டு. எண்டோஸ்கோப்பியின் நுனியில் பொருத்திய அல்ட்ராசவுண்டைக் குடலுக்குள் செலுத்திப் பார்த்தால்தான் அவை தெரியும். எண்டோஸ்கோப்பிக் கூடங்கள் அவசர வேலைக்கு மட்டும் திறந்திருந்த பெருந்தொற்றுக் காலத்தில் அந்தப் பரிசோதனை பலருக்கும் எட்டாததாக இருந்தது. காரணம் தெரியாதோர் என்று பட்டியலிடப்பட்ட 69 விழுக்காட்டினருள் இப்படிக் கல் ஒளிந்திருந்தவர்களும் இருந்திருக்கலாம். 2015-இல் வெளிவந்த நெதர்லாந்தின் போன்சோ ஆய்வு, பித்தக் கல்லால் வந்த லேசான கணைய அழற்சியில் வீடு திரும்பும் முன்பே பித்தப்பையை அகற்றியவர்களில் 5 விழுக்காட்டினருக்கும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பப்பட்டவர்களில் 17 விழுக்காட்டினருக்கும் கல் தொடர்பான சிக்கல் மீண்டும் வந்தது அல்லது உயிரிழப்பு நேர்ந்தது என்று காட்டியது. ட்ரைகிளிசரைடு, கால்சியம், உட்கொண்ட மருந்துகள், மதுப் பழக்கம், ஒருமுறைக்கு இருமுறை பார்க்கப்பட்ட பித்தப்பை ஆகியவை விலக்கப்பட்ட பிறகே வைரஸின் பெயர் எழுதப்பட வேண்டும். அப்படி எழுதப்பட்ட நோயாளிக்கும், தொற்று நீங்கிச் சில வாரங்கள் கழித்து, வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துப் பித்தப்பையை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கிறது.